செப்புக் காசில் பச்சைக் களிம்பு: எதை அகற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும்

பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவந்த காலணாவாக இருந்தாலும், ஆற்றுமணலில் கிடைத்துப் பல கை மாறி வந்த சோழர் காசாக இருந்தாலும், பச்சை படர்ந்த செப்புக் காசு ஒன்றைக் கண்டதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது புளிதான். செம்புக் குடத்தையும் அண்டாவையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிப் பழகிய கை அது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் தன் வேலையைச் சில நிமிடங்களிலேயே செய்துவிடும். பச்சை போய்விடும், காசும் உரித்த தோல் போல இளஞ்சிவப்பாக மின்னும். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு ராஜராஜன் காசை இப்படித்தான் துலக்கினேன். ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் அதற்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயரும் கொண்ட, எளிதில் கிடைக்கும் வகைக் காசு அது. துலக்குவதற்கு முன்பு அந்தப் பெயரை என்னால் படிக்க முடிந்தது. துலக்கிய பிறகு முதல் எழுத்தின் வளைவு மட்டுமே மிஞ்சியது. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, போன எழுத்து திரும்பவில்லை.

எழுத்து ஏன் போனது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி முடிந்தது போலத்தான். ஈர மண்ணில் கிடக்கும் செம்பின் மேல் முதலில் குப்ரைட் என்னும் செந்நிற ஆக்சைடு படலமாகப் படிகிறது. அதன் மேல், நீரிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மாலகைட் என்னும் பச்சைக் கார்பனேட் உருவாகிறது. உலோகம் இப்படி மெல்ல மெல்லக் களிம்பாக மாறும்போது, காசு அடிக்கப்பட்ட நாளில் இருந்த மேற்பரப்பு, அதாவது உருவமும் எழுத்தும் இருந்த அந்த மெல்லிய பரப்பு, உலோகத்தில் தங்காமல் களிம்பின் அடுக்குகளுக்கு நடுவே தங்கிவிடுகிறது. ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த காசில் நீங்கள் படிக்கும் எழுத்து பெரும்பாலும் செம்பால் ஆனதன்று, களிம்பால் ஆனது. அமிலத்தில் போட்டால் களிம்பு முழுவதும் கரைந்து, எழுத்துக்குக் கீழே இருந்த குழிவிழுந்த உலோகம்தான் கைக்கு வரும்.

செம்பில் களிம்பு போல உயிரோடு ஆணவ மலம் பிறவியிலேயே கலந்திருக்கிறது என்று சைவ சித்தாந்தம் கூறும். உவமையாக அது அழகானது என்றாலும், வேதியியல்படி களிம்பு செம்போடு பிறந்ததன்று. காற்றும் ஈரமும் உப்பும் வெளியிலிருந்து வந்து சேர்ந்து உண்டாக்குவது. அதனால்தான் அதைத் தடுக்கவும் முடிகிறது, வேண்டிய அளவுக்கு மட்டும் அகற்றவும் முடிகிறது.

பச்சையை இனம் காணுதல்

வேலையைத் தொடங்கும் முன் காசை நல்ல வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சு ஒன்றின் வழியாக, அவசரப்படாமல் பாருங்கள். எல்லாப் பச்சையும் ஒரே பச்சை அல்ல.

கரும்பச்சையாகவோ பழுப்பு கலந்த பச்சையாகவோ, வழவழப்பாக, எழுத்தின் மேடு பள்ளங்களைப் பின்பற்றிச் சீராகப் படர்ந்து, பல்குத்தும் குச்சியால் கீறினாலும் அசையாத படலம் காசுக்குக் கவசம். சேகரிப்பாளர்கள் இதைப் பாட்டினா என்கிறார்கள். இதைத் தொடவே கூடாது. தூசு மட்டும் இருந்தால் அதைத் துடைத்துவிட்டுக் காசை அப்படியே வைத்துவிடலாம். பழங்காசு ஒன்றின் மதிப்பில் பெரும்பங்கு இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. துலக்கிப் பளபளப்பாக்கிய காசை அனுபவம் உள்ள எந்தச் சேகரிப்பாளரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை.

இரண்டாவது வகை, மண்ணும் மணலும் சுண்ணாம்பும் கலந்து கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்ட பச்சை. ஆற்றுப்படுகையிலும் வயலிலும் கிடைக்கும் காசுகளில் இது மிகுதி. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து எடுக்கப்பட்ட பழங்காசுகள் நாணயவியலாளர்களுக்கு நன்கு அறிமுகமானவை. அவற்றில் பலவும் இத்தகைய மேலோட்டோடுதான் கைக்கு வரும். இந்த மேலோட்டை மட்டும், அடியில் உள்ள படலத்துக்கு ஊறு வராமல், பொறுமையாக நீக்கலாம்.

மூன்றாவது, பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்த காசுகளின் மேல் வரும் பிசுபிசுப்பான பச்சை. மலிவான ஆல்பங்களின் உறைகள் பி.வி.சி.யால் ஆனவை. அது காலப்போக்கில் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கசியவிடும். உறையை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் வெளியேறிக் காசில் ஒட்டும். பூசையறையில் எண்ணெயும் குங்குமமும் படக் கிடந்த காசுகளில் மெழுகு போன்ற பளிச்சென்ற பச்சை ஒன்று படிந்திருப்பதைக் காணலாம். எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் ஒருவகைச் சோப்பு அது.

நான்காவது வகைதான் உண்மையான பகை. வெளிறிய இளம்பச்சை நிறத்தில், சுண்ணப்பொடி போல, புள்ளிபுள்ளியாகவோ குழியிலிருந்து பொங்கியது போலவோ தோன்றும். குச்சியால் தொட்டாலே பொடியாக உதிரும். உதிர்ந்த இடத்தில் சிறு பள்ளம் இருக்கும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். பெயரில் வெண்கலம் இருந்தாலும் தனிச் செம்பையும் இது விடுவதில்லை.

இந்த நோய் வேலை செய்யும் விதம் இதுதான். மண்ணிலிருந்தோ கடல்நீரிலிருந்தோ கைவியர்வையிலிருந்தோ குளோரைடு உப்பு காசுக்குள் புகுந்து, களிம்புக்கு அடியில், உலோகத்தை ஒட்டிக் குப்ரஸ் குளோரைடாகத் தங்கியிருக்கும். வறண்ட காற்றில் அது உறங்கிக் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து அந்த இளம்பச்சைப் பொடியாக மாறும். கூடவே அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் அடுத்திருக்கும் செம்பைத் தின்று மீண்டும் குப்ரஸ் குளோரைடைத் தரும். இந்தச் சுழற்சிக்குத் தானாக முடிவு இல்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி இந்த எல்லைக்கு வெகு மேலேயே இருப்பதால், நோய் உள்ள காசைச் சும்மா வைத்திருந்தாலே அது கரைந்துகொண்டிருக்கும்.

கடல்நீரில் கிடந்த காசுகளில் இந்த அபாயம் மிகப் பெரிது. நம் ஊரோடு தொடர்புடைய காசு ஒன்றையே இதற்குச் சொல்லலாம். சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் அடித்த 1808-ஆம் ஆண்டின் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்த நாணயங்கள் மேலே எடுக்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தன. இன்றும் சேகரிப்பாளர்களிடம் எளிதில் கிடைக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் உப்புநீரில் கிடந்தவை என்பதால், இவற்றில் ஒன்றை வாங்குபவர் அதன் அழகைப் பார்க்கும் முன் குழிகளில் இளம்பச்சை எட்டிப்பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நோய் உண்டா இல்லையா என்ற ஐயம் தீரவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. மூடியுள்ள சிறு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சை ஒரு மூலையில் வைத்து, காசு அதில் படாதபடி ஒரு கண்ணாடி மூடியின் மேல் வைத்து, டப்பாவை இறுக மூடி ஒன்று அல்லது இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். புதிதாக இளம்பச்சைப் புள்ளிகள் அரும்பினால் நோய் விழித்திருக்கிறது. எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்தப் பச்சை நிலைபெற்ற பச்சை. அதோடு காசு இன்னும் பல தலைமுறை வாழும்.

தொடங்கும் முன்

காசின் இரு பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகை எடை போடும் சிறு மின்தராசில் எடையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். 1835-ஆம் ஆண்டின் கம்பெனிக் காலணா அடிக்கப்பட்டபோது 100 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம் இருந்தது. இப்போது அது எவ்வளவு என்று தெரிந்தால் எவ்வளவு செம்பு ஏற்கெனவே போயிருக்கிறது என்பதும், உங்கள் வேலையால் எவ்வளவு குறைகிறது என்பதும் தெரியும்.

முதல் முயற்சியை அருமையான காசில் செய்ய வேண்டாம். தேய்ந்துபோன ஐந்தாம் ஜார்ஜ் காலணாக்களோ 1943 முதல் வந்த ஓட்டைக் காலணாக்களோ மலிவாகக் கிடைக்கும். அவற்றில் கையைப் பழக்குங்கள். இந்தியாவில் காலணா 1906 முதல் தனிச் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறிவிட்டது என்றாலும், இங்கே சொல்லும் முறைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

சங்க காலத்துச் சதுரக் காசு, எழுத்து உள்ள பழஞ்சேரர் அல்லது பாண்டியர் காசு, யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் 'சேது' என்ற எழுத்துள்ள காசு ஆகியவற்றை வீட்டில் சுத்தம் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவற்றில் ஓர் எழுத்து அழிந்தால் அழிந்தது உங்கள் காசு மட்டும் அன்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டு, நோய் பிடித்த செப்புத் திருமேனிகளுக்குச் சிகிச்சை அளித்த மரபு நமக்கு இருக்கிறது. அரிய காசு என்று தோன்றினால் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் கேளுங்கள். மண்ணிலிருந்து புதிதாகக் கிடைத்த காசாக இருந்தால் அதைக் கழுவவே கூடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது கண்டெடுத்தவரின் கடமை. ஒட்டியிருக்கும் மண்ணும் ஒரு சான்று. நூறாண்டைத் தாண்டிய காசுகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், அவற்றை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

நீரில் ஊறவைத்தல்

எல்லா முறைகளுக்கும் முதல் படி, பல காசுகளுக்குக் கடைசிப் படியும் கூட, நல்ல நீர்தான். குழாய்த் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கூடாது, அவற்றில் நாம் விரட்ட நினைக்கும் குளோரைடே கரைந்திருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. நீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்கும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய நீர் பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும், அதையே வாங்குங்கள். கடையில் கேட்கும்போது பேட்டரி அமிலம் அல்ல, பேட்டரித் தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லி, குப்பியின் மேல் எழுதியிருப்பதையும் படித்துப் பாருங்கள்.

கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவுக்கு இரண்டு மூன்று விரல் உயரம் நீர் ஊற்றி, தூசு விழாமல் மூடி வையுங்கள். எவர்சில்வர், பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் வேண்டாம். இரண்டு உலோகங்கள் நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு கூடும். ஒரு கிண்ணத்தில் ஒரே காசு இருக்கட்டும், ஒன்றின் நோய் மற்றதற்குப் போகக்கூடாது. தினமும் நீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காசை எடுத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் நீரிலேயே மெதுவாகத் தடவிக் கொடுத்தால், இளகிய மண் தானே கழன்று வரும். ஒரு வாரத்தில் முடியும் காசும் உண்டு. இரண்டு மாதம் கேட்கும் காசும் உண்டு.

ஆர்.ஓ. நீரைச் சோதிக்க விற்கும், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் இங்கே மிகவும் உதவும். புதிய பேட்டரித் தண்ணீரின் அளவை முதலில் பார்த்துக்கொண்டு, காசு ஒருநாள் ஊறிய பின் மீண்டும் பாருங்கள். தொடக்கத்தில் எண் ஏறும். நாளாக ஆக ஏற்றம் குறையும். தொடர்ந்து நான்கைந்து முறை ஏறக்குறைய ஏற்றமே இல்லை என்றால் நீரில் கரையும் உப்பு வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் குப்ரஸ் குளோரைடு நீரில் எளிதில் கரையாதது என்பதால், நோய் பிடித்த காசுக்கு நீர் மட்டும் போதாது.

கெட்டியான மேலோடு

நீருக்கு இளகாத கட்டிகளுக்குப் பலரும் ஆலிவ் எண்ணெயைச் சொல்வார்கள். மாதக்கணக்கில் அதில் ஊறவைத்தால் மேலோடு இளகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பாட்டினாவையும் மெல்லக் கரைத்துக் காசைக் கறுக்க வைக்கும். பிறகு எண்ணெயை முழுதாக வெளியேற்றுவதும் கடினம். நான் அதைக் கைவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதில் அமிலம் இல்லை. இடுக்குகளில் புகுந்து மண்ணை இளக்கும் அளவுக்கு மேல் அது எதையும் செய்வதில்லை, நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பூசையறைக் காசில் பார்த்த அதே பச்சைச் சோப்பை அவை மறுபடியும் உண்டாக்கும்.

காசை முதலில் நன்றாக உலர்த்திவிட்டுப் பாரஃபினில் இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு எடுத்து, மெத்தென்ற துணியின் மேல் வைத்து, லென்சின் கீழ் வேலையைத் தொடங்குங்கள். கருவி மரமாகவோ முள்ளாகவோ இருக்க வேண்டும். கூராகச் சீவிய மூங்கில் குச்சியும் கருவேல முள்ளும் என் மேசையில் எப்போதும் இருப்பவை. முள் மண்ணைவிடக் கடினம், பாட்டினாவைவிட மென்மை; முனை மழுங்கினால் அடுத்த முள்ளை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுத்தின் மேல் நேராகக் குத்தாமல், கட்டியின் ஓரத்தில் முனையைப் படுக்கையாக வைத்து, வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். அடுக்கு சரியான இடத்தில் பிரியும்போது அது செதிலாக எழும். அடியில் வழவழப்பான கரும்பரப்பு தெரியும். அந்தப் பரப்பைக் கண்டதும் அங்கே நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செய்யாமல் இருப்பது நல்லது. கண் களைத்த பிறகுதான் கை வழுக்குகிறது. எழாத கட்டியை வற்புறுத்தாமல் மறுபடி ஊறவிடுங்கள். எத்தனை முறை ஊறினாலும் அசையாத இடம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதில் குறை ஒன்றும் இல்லை.

பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பிசுபிசுப்புக்கும் எண்ணெய்ப் பச்சைக்கும் அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் மணமும் எண்ணெயும் கலந்திருப்பதால், வேதிப்பொருள் கடையில் தூய அசிட்டோனாகவே வாங்குங்கள். கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் காசை அதில் சில மணி நேரம் மூடி வைத்து, பின் புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி எடுத்தால் பிசுபிசுப்பு கழன்றுவிடும். அசிட்டோன் செம்பையோ பாட்டினாவையோ தொடாது. அது சட்டென்று தீப்பற்றும் என்பதால் சமையலறையிலும் விளக்கு எரியும் இடத்திலும் திறக்கவே கூடாது. சன்னல் திறந்த அறையில் கையுறையோடு செய்யுங்கள். சில பிளாஸ்டிக் கிண்ணங்களை அது கரைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெண்கல நோய்க்குச் சிகிச்சை

முதலில் நோயுற்ற காசைத் தனியே பிரித்து வையுங்கள். பிறகு லென்சின் கீழ், இளம்பச்சைப் பொடியை முழுவதும் குழியிலிருந்து தோண்டி எடுங்கள். இங்கே மட்டும் முள்ளுக்குப் பதில் தையல் ஊசி தேவைப்படலாம், ஏனென்றால் குழியின் அடியில் மெழுகு போல வெளிறிக் கிடக்கும் குப்ரஸ் குளோரைடையும் எட்ட வேண்டும். அந்தத் தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். பொடியை ஈரக் காகிதத்தில் சேகரித்து அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல். பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் வீட்டுக்குத் தெரிந்ததுதான்: சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் சேர்ந்ததே அது. ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீருக்கு, நீரற்ற சோடியம் கார்பனேட் 23.5 கிராமும் சோடியம் பைகார்பனேட் 18.5 கிராமும் சேர்த்தால் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். கடையில் கிடைக்கும் சலவைச் சோடா படிகமாக இருந்தால் அதில் நீர் சேர்ந்திருக்கும், அப்போது 23.5 கிராமுக்குப் பதில் 63 கிராம் தேவை. ஆனாலும் மளிகைக்கடைச் சோடாவில் சமையல் உப்பு கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், ஆய்வகத் தரத்தில் வாங்கிவிடுவதே என் பரிந்துரை. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் பயன்படுத்தக் கூடாது.

இந்தக் கரைசல் குப்ரஸ் குளோரைடை மெல்ல மெல்லக் குப்ரஸ் ஆக்சைடாக மாற்றி, குளோரைடைச் சோடியத்தோடு சேர்த்து நீருக்குள் இழுத்துவிடுகிறது. காசை இதில் மூழ்கவிட்டு, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். நீர் நீலம் பாய்ந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். களிம்பும் கொஞ்சம் கரைகிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு மாதத்தில் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆழமாக நோய் பிடித்த காசுக்கு மூன்று நான்கு மாதமும் ஆகும். நீண்ட நாள் ஊறினால் நீலப்பச்சையாகப் புதிய படிவு ஒன்று உண்டாவதும் பாட்டினாவின் நிறம் சற்று மாறுவதும் உண்டு. நோய் இல்லாத காசை இதில் போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

கரைசலிலிருந்து எடுத்த காசைப் பேட்டரித் தண்ணீரில் முன்போலவே நாளுக்கு ஒருமுறை மாற்றி ஒரு வாரமாவது ஊறவிட்டு, சோடாவை வெளியேற்றுங்கள். பிறகு அசிட்டோனில் இரண்டு முறை அலசினால் இடுக்கில் உள்ள நீர் வெளியேறும். அசிட்டோன் முழுதும் ஆவியாகி மணம் போன பிறகு மேசை விளக்கின் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து உலர்த்துங்கள். உலர்ந்ததும் ஈரப்பஞ்சு டப்பாச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புள்ளி ஒன்று அரும்பினாலும் தொடக்கத்திலிருந்து திரும்ப வர வேண்டியதுதான்.

அருங்காட்சியகங்களில் இதற்குப் பின் பென்சோட்ரையசோல் என்னும் வேதிப்பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவார்கள். 1960-களின் பிற்பகுதியிலிருந்து வழக்கத்தில் உள்ள முறை அது. செம்போடு சேர்ந்து காப்புப் படலமாகும் நல்ல மருந்துதான். ஆனால் உடலுக்குக் கேடானது. காற்றுறிஞ்சும் வசதி உள்ள ஆய்வகம் இல்லாமல் அதைக் கையாளக் கூடாது. நம் வீட்டு வேலையில் அதற்கு இடம் இல்லை.

செய்யக்கூடாதவை பற்றியும் சில வார்த்தை. எலுமிச்சை, புளி, வினிகர், தக்காளிச் சாறு எல்லாம் அமிலங்களே. பாத்திரம் துலக்கும் பொடியில் அமிலத்தோடு உராயும் துகளும் சேர்ந்திருக்கிறது. கழிவறை கழுவும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அதில் போட்ட காசுக்கு நாமே குளோரைடை ஊட்டி வெண்கல நோயை வரவழைக்கிறோம். காஸ்டிக் சோடாவும் துத்தநாகமும் கொண்டோ பேட்டரி மின்சாரம் கொண்டோ களிம்பை உரிக்கும் முறைகள் காசை வெறும் உலோகம் வரை கொண்டுபோய்விடும். கம்பித் தூரிகை எந்தக் காசுக்கும் ஆகாது.

மெழுகும் இருப்பிடமும்

உலர்ந்து, சோதனையிலும் தேறிய காசுக்கு மட்டுமே மெழுகு பூசலாம். நோய் உள்ளே இருக்க மெழுகு பூசுவது புண்ணுக்குப் புனுகு தடவுவது போல. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950-களில் உருவாக்கப்பட்ட ரினைசான்ஸ் மெழுகு போன்ற நுண்படிக மெழுகை விரல்நுனியில் கடுகளவு எடுத்து, பஞ்சுத் துணியில் தேய்த்து, காசின் மேல் மெல்லத் தடவி, சில நிமிடம் கழித்து வேறு துணியால் துடைத்துவிடுங்கள். பூசியதே தெரியக் கூடாது. பின்னால் வேண்டாம் என்றால் கரைப்பான் கொண்டு இதை நீக்கிவிட முடியும் என்பதால்தான் வார்னிஷைவிட இது மேலானது.

காசைத் தொடும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள், வியர்வையும் உப்புதான். உறை வாங்கும்போது பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். புது பிளாஸ்டிக்கின் கடுமையான நெடி வந்தால் அது பெரும்பாலும் பி.வி.சி. அமிலம் நீக்கிய காகித உறையும் நல்லது. மரப்பெட்டி அழகாக இருந்தாலும் சில மரங்கள் அசிட்டிக் அமிலத்தைக் கசியவிடும் என்பதால், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவே செப்புக் காசுக்குப் பொருத்தம். ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டாம், அதில் கந்தகம் இருக்கும்.

டப்பாவுக்குள் நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு வையுங்கள். கூடவே சிறிய ஈரப்பத மானி ஒன்றும் இருந்தால், முள் 40-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். அரிசியைப் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது இந்த அளவுக்கு ஈரத்தை இழுக்காது. பூச்சியும் தூசும்தான் மிச்சம். ஐப்பசியில் மழை பிடிப்பதற்கு முன் ஒருமுறையும், கார்த்திகை கழிந்து வெயில் திரும்பியதும் ஒருமுறையும், நிறம் மாறிய ஜெல்லை வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து மாற்றி வையுங்கள். அந்த வாணலியை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. அந்த இரண்டு நாட்களிலும் ஒவ்வொரு காசையும் வெளியே எடுத்து, முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, குழிகளில் இளம்பச்சை தெரிகிறதா என்று லென்சில் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே வையுங்கள்.